இஸ்திரி போட்ட கடல்

வங்காள விரிகுடாவை ஒரு மணி நேரம் இஸ்திரி போட்டு வைத்தவன் நான். சுருக்கம் கிடையாது, மடிப்புக் கிடையாது. சென்னைக் கடற்கரைச் சாலையில் நின்று பார்த்தால் கலங்கரை விளக்கம் தண்ணீருக்குள் தலைகீழாக நின்றது. அதன் உச்சியில் உட்கார்ந்திருந்த காக்கை எந்தத் திசையில் பார்க்கிறது என்பதைக்கூட நான் தண்ணீரைப் பார்த்தே சொன்னேன். மீன்கள் வெட்கப்பட்டு ஆழத்துக்கு ஓடிப்போயின. குளியலறைக் கூரையைப் பிய்த்துவிட்டால் உள்ளே இருப்பவர்கள் ஓடமாட்டார்களா, அப்படி. எண்ணூரில் நிற்க வேண்டிய கப்பல் ஒன்று வழுக்கிக்கொண்டு நெல்லூர் வரை போய்விட்டதாகவும் கேள்வி.

கதையில் இந்த இடம் வந்ததும், பெஞ்சில் என் பக்கத்தில் இருக்கும் எபநேசர் செருப்பைக் கழற்றி, அதில் மணல் இல்லை என்று தெரிந்தும் இரண்டு தட்டுத் தட்டி மறுபடி மாட்டிக்கொள்வார்.

"போன வாரம் முக்கால் மணி நேரம்லா சொன்னீரு?"

"அது போன வாரம்யா. இந்த வாரம் ஞாபகம் நல்லாத் தெளிஞ்சிருக்கு."

"வே சாரங்கபாணி, அன்னைக்கு எங்க நிலையத்து அளவுக் குழாய்ல கடல் தண்ணி ஒரு விரக்கடை ஏறல, எறங்கல. கையெழுத்துப் போட்டவன் நான். நீரு இஸ்திரி போட்டது உம்ம வேட்டியத்தான்."

எங்கள் பெஞ்சு உழைப்பாளர் சிலைக்கு எதிரே இருக்கிறது. கடல் ஏறிக்கொண்டே வந்தபோது சாலையைப் பெயர்த்துத் தூண்களின் மேல் வைத்தார்கள். சிலைகளையும் கூடவே தூக்கினார்கள். இப்போது நடைபாதையிலிருந்து கீழே எட்டிப் பார்த்தால் ஒரு மாடி உயரத்துக்குக் கீழே தண்ணீர். நடக்கிறவர்கள் காலை ஐந்து மணிக்கு வந்து ஆறரைக்குள் வீடு திரும்பிவிட வேண்டும். அதற்கு மேல் வெயில் ஆளை அப்பளமாகப் பொரித்து எடுத்துவிடும். அந்த ஒன்றரை மணி நேரத்தில் நான் கடலைப் படுக்கவைப்பேன், எபநேசர் எழுப்பிவிடுவார். பத்து வருடங்களாக இதுதான் எங்களுக்கு உடற்பயிற்சி.

நான் கடற்கரை அலைமடை வாரியத்தில் இயக்குப் பொறியாளராக இருந்தவன். அவர் நாசரேத் பக்கத்திலிருந்து வந்து, வடசென்னைக் கடலோரத்தில் கடல்மட்டம் அளக்கும் நிலையத்தில் முப்பத்து நான்கு வருடம் உட்கார்ந்தவர். பொய் சொல்லத் தெரியாத மனிதர். இட்லி எப்படி இருக்கிறது என்று மருமகள் கேட்டால்கூட, கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் பதில் சொல்வார். அவர் இல்லை என்று சொன்னால் ஊரே இல்லை என்று சொல்லும். நான் ஆமாம் என்று சொன்னால் ஊர் சிரிக்கும்.

போன மாசியில் ஒரு நாள், என் கதை நெல்லூரை எட்டிக்கொண்டிருந்தபோது, பெஞ்சுக்கு எதிரே ஒரு பெண்மணி வந்து நின்றார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். கையில் மடித்த செய்தித்தாள். ஞாயிற்றுக்கிழமை இணைப்பில் என்னைப் பேட்டி எடுத்துப் போட்டிருந்தார்கள், பல் தெரியச் சிரிக்கிற படத்தோடு.

"இது நீதான சார்?"

"நானேதான். படத்துல கொஞ்சம் வயசா தெரியறேன்."

"என் பேரு தேசராணி. சங்குமேட்டுக் குப்பம். கடல இஸ்திரி போட்டேன்னு போட்ருக்குது. எப்டிப் போட்ட?"

எனக்கு வாயெல்லாம் பல். புதிதாக ஒருவர் கேட்டால் விடுவேனா?

"அலைய நிறுத்தறதுன்னு ஒண்ணு இல்லம்மா. வயலுக்கு மடை திருப்புவாங்க பாரு, அந்த மாதிரி. அதனாலதான் அலைமடைன்னு பேரு. கரைலேர்ந்து ஒன்றரைக் கிலோமீட்டர் தள்ளி, கடலுக்கு அடியில வரிசையா ரப்பர் பை. ஒவ்வொண்ணும் யானை படுத்திருக்கற மாதிரி. நானூத்தம்பது யானை. அலை வர்ற தாளத்துக்கு எதிர்த்தாளத்துல பை ஊதும், சுருங்கும். அலை குழம்பிப்போய் பக்கவாட்டுல திரும்பிடும். புயல் வந்தா சாலை உடையுதேன்னு இதைப் போட்டாங்க. வழக்கமா நூத்துக்கு நாப்பதுக்கு மேல திருப்பக் கூடாது. இந்தத் தூண் சாலையைத் திறந்து வச்ச அன்னிக்கு மட்டும் நூத்துக்கு நூறு திருப்பினேன். மேடையில இருக்கறவங்களுக்குக் கடல் கண்ணாடி மாதிரி தெரியணும்னு மேலேர்ந்து உத்தரவு."

"திருப்புன அலை எங்க போச்சு?"

அது நடந்து போன இருபத்திரண்டு வருடங்களில் எத்தனையோ பேர் என்னிடம் எத்தனையோ கேட்டிருக்கிறார்கள். போட்டோ இருக்கிறதா, விருது கொடுத்தார்களா, சம்பளம் உயர்ந்ததா. இதை ஒருவரும் கேட்டதில்லை.

"நடுக்கடலுக்கு," என்றேன்.

"எத்தினி மணிக்குத் திருப்புன?"

"காலைல ஏழே முக்காலுக்கு."

அந்த அம்மாள் செய்தித்தாளை இன்னும் சிறிதாக மடித்தார். "எங்களுக்கு எட்டு மணிக்கு வந்துச்சு. ஸ்கூல்ல பெல் அடிச்சிக்கினு இருந்தாங்க."

சங்குமேட்டுக் குப்பம் எங்கள் பெஞ்சிலிருந்து வடக்கே பன்னிரண்டு கிலோமீட்டர். அந்த ஆழத்தில் அலை அவ்வளவு தூரம் போக எத்தனை நேரம் ஆகும் என்பதைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். கால் மணி நேரம்.

எபநேசர் எழுந்துகொண்டார். "கடல்ல எட்டு மணிக்கு என்னென்னமோ நடக்கும்மா. அங்கன நூறு கெஜத்துலதான் எங்க அளவுக் குழாய் இருந்துச்சு. அதுல ஒண்ணும் ஏறல." சொல்லிவிட்டு, மணி ஆறுகூட ஆகாத நிலையில், வீட்டைப் பார்த்து நடந்தார்.

தேசராணி அவர் இடத்தில் உட்கார்ந்து சொன்னார். அவருடைய கணவர் பெயர் கன்னியப்பன். குப்பத்தில் அப்போது அவர்தான் அலை எண்ணுகிறவர். மீன் பிடித்துவிட்டுத் திரும்புகிற படகுகள், கரையோரம் உடைந்து விழும் அலைகளுக்கு வெளியே காத்து நிற்கும். கரையில் ஒருவர் நின்று எண்ணுவார். பெரிய அலைகள் கூட்டமாக வரும், போகும். பிறகு கொஞ்ச நேரம் கடல் தணியும். தணிவு வந்துவிட்டது என்று நிச்சயமானதும் தோளிலிருந்து துண்டை எடுத்து வீசுவார். அப்போதுதான் படகுகள் கரைக்குப் பாயும். பதினெட்டு வயதிலிருந்து கன்னியப்பனின் துண்டை நம்பித்தான் அந்தக் குப்பம் வீட்டுக்கு வந்தது.

"அன்னிக்கும் எண்ணித்தான் வீசுனாரு. நாலு படகு உள்ள பாஞ்சுது. பத்து பேரு. எங்க தம்பியும் அதுல. ஒருத்தரும் நடந்து வரல."

"விசாரிச்சாங்களாம்மா?"

"விசாரிச்சாங்க. 'கரையில் நின்றவரின் கவனக்குறைவு'ன்னு எழுதிட்டாங்க. அளவுக் குழாய்ல அலையே இல்லியாம். அலையே இல்லாதப்ப படகு எப்டிக் கவுந்துச்சுன்னு கேட்டா, அவசரப்பட்டு ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக்கிச்சாம். இவரு நேரம் பாக்காம துண்ட வீசிட்டாராம்."

"ஊர்ல என்ன சொன்னாங்க?"

"ஒரு வார்த்த திட்டல சார். திட்டிருந்தா அழுதுட்டு எழுந்துருப்பாரு. யாரும் ஒண்ணும் சொல்லல. அவரு வந்தா நவுந்து வழி விடறாங்க. இருவத்திரண்டு வருசமா கடல் பக்கம் போவல அவரு. ஊட்டுக்குள்ள உக்காந்துகினு எண்றாரு. ஃபேன் சுத்தறத எண்றாரு, நான் சோறு மெல்றத எண்றாரு."

வாரியம் இப்போது அலைமடையை இன்னும் பத்துக் கிலோமீட்டர் தெற்கே நீட்டப் போகிறது. அதற்கு ஆட்சேபம் கேட்டு ஒரு பொது விசாரணை வைத்திருந்தார்கள். தேசராணி மனுக் கொடுத்திருந்தார். அவருக்கு நீட்டுவதைப் பற்றிக்கூடப் பெரிய கவலை இல்லை. பழைய அறிக்கையில் அந்த ஒரு வாக்கியத்தை அடிக்க வேண்டும். கரையில் நின்றவரின் கவனக்குறைவு என்பதை.

"நீ வந்து சொல்வியா சார், நீதான் திருப்புனேன்னு?"

சொல்லாமல் என்ன? பத்து வருடமாக அதைத்தானே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஆனால் பெஞ்சில் சொல்லாமல் விட்ட ஒன்று உண்டு. அதையும் எழுதிவிடுகிறேன். அலைமடையின் கட்டுப்பாட்டு மேசையில் ஒரு வட்டமும் முள்ளும் இருக்கும். திருப்பிய அலை எந்தப் பக்கம் போகிறது என்று அந்த முள் காட்டும். நாற்பதில் அது வடகிழக்கைக் காட்டி நிற்கும், அதாவது நடுக்கடல். நூறில் என்ன காட்டும் என்று யாரும் பார்த்ததில்லை. அன்று நான் பார்த்தேன். முள் மெல்ல இடது பக்கம் வந்தது. வடக்குக்கு வந்தது. அதையும் தாண்டிக் கரையைப் பார்த்துச் சாய்ந்தது. என் கை குமிழின் மேல் இருந்தது. ஜன்னலுக்கு வெளியே கடல் கண்ணாடியாகக் கிடந்தது, மேடையில் பேச்சு நடந்துகொண்டிருந்தது. தொலைபேசி அடித்தது. ஒரு குரல், "பிரமாதமா இருக்கு சார், பேச்சு முடியறவரைக்கும் அப்படியே வைங்க," என்றது. வைத்தேன்.

மறுநாள் வடக்கே பத்துப் பேர் என்று செய்தி வந்தது. அன்று மாலையே நான் முதல் தடவையாக இந்தக் கதையைச் சொன்னேன், அலுவலகக் கேன்டீனில், காக்கையையும் சேர்த்து. எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் எனக்கு மூச்சு வந்தது.

விசாரணைக்கு முன்பு எபநேசரிடம் கேட்டுப் பார்த்தேன். அந்த அம்மாள் வந்துபோன பிறகு ஒரு வாரம் பெஞ்சுக்கு வராமல் இருந்து, எட்டாம் நாள்தான் வந்தார்.

"அந்தப் பழைய தாளை ஒரு தடவை எடுத்துப் பாருய்யா. மெஷின் அச்சடிச்சுக் குடுக்குமே, நிமிஷத்துக்கு ஒரு அளவு."

"பழைய தாள எல்லாம் அப்பவே அழிச்சாச்சு. திருத்தின பதிவு மட்டுந்தான் இருக்கு. அதுல ஒண்ணும் இல்ல."

"அந்த அம்மா பொய் சொல்றாங்களா?"

"அவங்க சொல்லுதது அவங்களுக்கு நெசம். நான் கையெழுத்துப் போட்டது எனக்கு நெசம். நீரு சொல்லுதது ஒருத்தருக்கும் நெசமில்ல. உமக்கே இல்ல." செருப்பைக் கழற்றினார். தட்டவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். "வாரியத்துக்காரங்க என்னையும் சாட்சிக்குக் கூப்பிட்டிருக்காங்க. என் கையெழுத்துதானான்னு கேப்பாங்களாம். ஆமான்னு சொல்லிட்டு வந்துருவேன்."

விசாரணை இதே சாலையில், வாரியத்தின் மாடி மண்டபத்தில் நடந்தது. கிழக்குச் சுவர் முழுக்கக் கண்ணாடி. அலைமடை ஓடிக்கொண்டிருந்ததால் கடல் பாதி உடம்போடு வந்துபோய்க்கொண்டிருந்தது. விசாரணை அதிகாரி ஓய்வுபெற்ற நீதிபதி, மங்கையர்க்கரசி என்று பெயர், மேசை மேல் வெந்நீர்க் குடுவை. வாரியத்தின் வழக்கறிஞர் இளம்பரிதி, நல்ல பையன் மாதிரி முகம். தேசராணி முன்வரிசையில் இருந்தார். பக்கத்தில் ஒரு மெலிந்த மனிதர், கண்ணாடிச் சுவருக்கு முதுகைக் காட்டி நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்திருந்தார். அவர்தான் கன்னியப்பன். அவருக்குப் பின்னால் குப்பத்துக்காரர்கள் நாற்பது பேர் இருப்பார்கள்.

என்னை முதலில் கூப்பிட்டார்கள். நடந்ததை நடந்தபடி சொன்னேன். காக்கை இல்லை, நெல்லூர் இல்லை. குமிழ், முள், தொலைபேசி, அவ்வளவுதான். முள் கரைப்பக்கம் சாய்ந்ததைப் பார்த்த பிறகும் நிறுத்தவில்லை என்று சொன்னேன். என் வாழ்க்கையில் நான் சுருக்கமாகப் பேசியது அந்த ஒரு தடவைதான்.

இளம்பரிதி எழுந்தார். "ஐயா, வாரியத்தின் இயந்திரப் பதிவில் அன்றைக்கு நாற்பதுக்கு மேல் போகவில்லை என்று இருக்கிறதே?"

"நாப்பதுக்கு மேல போனா பதிவு பண்ற கருவிய அணைச்சுட்டுத்தான் கையால ஓட்டணும். அணைக்கச் சொன்னாங்க. அணைச்சேன்."

"யார் சொன்னது?"

"தொலைபேசியில பேர் சொல்லலை."

"சரி. எவ்வளவு நேரம் ஓட்டினீர்கள்?" அவர் கையில் காகிதங்கள் இருந்தன. "ஞாயிறு இணைப்பில் ஒரு மணி நேரம். மூத்த குடிமக்கள் சங்க ஆண்டு விழாவில் முக்கால் மணி, அதோடு திமிங்கிலம் ஒன்று தரைதட்டி உங்களிடம் வழி கேட்டது. அதற்கு முந்தின வருடம் அரை மணி. உங்கள் ஓய்வுப் பாராட்டு விழாவில், கடலின் மேல் நடந்துபோய் ஒருவர் சுண்டல் விற்றார்."

மண்டபத்தில் சிரித்தார்கள். நீதிபதி அம்மாளும் உதட்டைக் கடித்துக்கொண்டார். பழக்க தோஷம், எனக்குமே லேசாகச் சிரிப்பு வந்தது. சுண்டல் நல்ல கற்பனைதான்.

"இதில் எது உண்மை ஐயா? எத்தனை நிமிடம்?"

நான் வாயைத் திறந்தேன். உள்ளே ஒன்றும் இல்லை. ஒரு காலத்தில் உண்மையான எண் ஒன்று இருந்தது. அன்று கடிகாரத்தைப் பார்த்து மனத்தில் குறித்துக்கொண்டிருந்தேன். அதன் மேல் இருபதைப் போட்டு, அரை மணியைப் போட்டு, முக்கால் மணியைப் போட்டு, இருபத்திரண்டு வருடம் மிதித்துவிட்டேன். கீழே தோண்டிப் பார்த்தால் கைக்கு எதுவும் தட்டுப்படவில்லை.

"தெரியலை," என்றேன்.

"உட்காருங்கள் ஐயா," என்றார் இளம்பரிதி, மிக மரியாதையாக. "வயதானவர் ஆசைப்பட்டு வந்திருக்கிறார். இதைச் சாட்சியமாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்."

தேசராணி என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபமாகவாவது பார்த்திருக்கலாம். சந்தையில் மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டு வைக்கிற மாதிரி ஒரு பார்வை, அவ்வளவுதான்.

அடுத்து கன்னியப்பன். கண்ணாடிப் பக்கம் பார்க்காமல், பக்கவாட்டில் நடந்து வந்து நின்றார். என்ன நடந்தது என்று நீதிபதி கேட்டார்.

"மூணு பெருசு போச்சும்மா. அப்பால தணிஞ்சுது. நான் உடனே வீச மாட்டேன். பதினாறு சிறுசு எண்ணுனேன். பதினாறும் சிறுசாப் போனா, அதுக்கு மேல பெருசு வர நேரமாகும். எங்கப்பா அப்படித்தான் எண்ணுவாரு. வீசுனேன்."

"பிறகு?"

"படகு நடுவுல வரும்போது தெக்கால இருந்து வந்துச்சு. காத்து இல்ல, சத்தம் இல்ல. நேரா வராம சாஞ்சு வந்துச்சு. ஒண்ணு பின்னால ஒண்ணு. எல்லாம் ஒரே உசரம், ஒரே எடவெளி." அவர் கை காற்றில் தட்டிக் காட்டியது, தையல் இயந்திரம் போல. "கடல் அப்படிப் பண்ணாதும்மா. ஒண்ணு பண்ண மாதிரி இன்னொண்ணு பண்ண அதுக்குத் தெரியாது. நான் அத்த இருவது வருசம் பாத்துருக்கேன்."

"எவ்வளவு நேரம் வந்தது?"

"மொத அலையிலியே நாலு படகும் போயிடுச்சு. அப்பால நான் எண்ணல."

இளம்பரிதி இதற்கு ஒன்றும் கேட்கவில்லை. அளவுக் குழாயின் பதிவை மட்டும் தாக்கல் செய்தார். சம்பவ இடத்திலிருந்து நூறு கெஜத்தில் இருந்த கருவி. காலை எட்டு மணிக்கு நீர்மட்டம் இயல்பு. அதை உறுதி செய்ய, முப்பத்து நான்கு வருடம் ஒரு குற்றச்சாட்டும் இல்லாத அலுவலர் என்று எபநேசரைக் கூப்பிட்டார்.

எபநேசர் வெள்ளைச் சட்டையின் கழுத்துப் பொத்தான் வரைக்கும் போட்டிருந்தார். கூண்டு எதுவும் கிடையாது, ஒரு மேசைதான். அதன் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அவர் அது நடக்கவில்லை என்று சொல்வதுதான் எனக்கு வேண்டியிருந்தது. தேசராணிக்காக வந்தேன் என்பது நிஜம். ஆனால் பத்து வருடமாகக் காலை ஐந்தேகாலுக்கு நான் கதையைச் சொன்னது எதற்கு? பொய் சொல்லத் தெரியாத ஒரு மனிதர் என் முகத்தைப் பார்த்து, அப்படி ஒன்றும் நடக்கவில்லை என்று சொல்வதைக் கேட்கத்தான். அதைக் கேட்டால்தான் எனக்கு அன்றைய காபி இறங்கும். கதையைப் பெரிதாக்கப் பெரிதாக்க அவர் இன்னும் அழுத்தமாக மறுத்தார். அதற்காகத்தான் பெரிதாக்கினேன்.

"இது உங்கள் கையெழுத்தா?" என்றார் இளம்பரிதி.

"ஆமா."

"எட்டு மணிக்கு நீர்மட்டம் இயல்பு. சரியா?"

"இயல்புன்னு எழுதியிருக்கு."

"நன்றி, போகலாம்."

எபநேசர் போகவில்லை. "அம்மா, எப்படி எழுதினேன்னு யாரும் கேக்கலையே," என்றார் நீதிபதியிடம்.

"அது தேவையில்லை," என்றார் இளம்பரிதி.

"சொல்லட்டும்," என்றார் அந்த அம்மாள்.

"குழாய்க்குள்ள ஒரு மிதவை இருக்கும். நிமிசத்துக்கு ஒருக்க அளவு அடிச்சுத் தரும். குழாய்ல சிப்பி ஒட்டும், சேறு அடைக்கும், சமயத்துல படகு இடிச்சிரும். அப்ப அளவு திடீர்னு குதிக்கும். அதுக்கு எங்க கைப்புத்தகத்துல ஒரு விதி உண்டு. கடைசியா வந்த சரியான அளவவிட அரை மீட்டருக்கு மேல குதிச்சா அது கருவிக் கோளாறு. அந்த அளவக் கோடு போட்டு அடிச்சிட்டு, முன்னபின்ன இருக்கதப் பாத்து நடுவுல ஒண்ணு எழுதணும். கடல் ஒரு நிமிசத்துல அரை மீட்டர் ஏறாதுன்னு விதி எழுதினவங்க முடிவு பண்ணியிருந்தாங்க. நானும் அதத்தான் நம்பினேன். ஆயிரக்கணக்குல அடிச்சிருக்கேன். என் பதிவு மாதிரி சுத்தமான பதிவு இந்தக் கரையில கெடையாதுன்னு மேலதிகாரி சொல்லுவாரு."

அவர் தண்ணீர் கேட்கவில்லை, நீதிபதி அம்மாளே குடுவையை அவர் பக்கம் நகர்த்தினார்.

"அன்னைக்குக் காலைல ஒன்பது மணிக்குத் தாள் மேசைக்கு வந்துச்சு. எட்டு மணியிலேர்ந்து வரிசையா குதிச்சிருந்துச்சு. எல்லாம் ஒண்ணரை மீட்டர், ஒரே மாதிரி. சிப்பி அடைச்சிருக்கும்னு நெனச்சேன். சிவப்பு மையால அடிச்சேன். எல்லாத்துக்கும் நடு அளவு போட்டேன். கையெழுத்துப் போட்டேன். மத்தியானம் சாப்பாட்டுக்கு எந்திரிக்கும்போது பியூன் வந்து சொன்னாரு, பக்கத்துக் குப்பத்துல பத்துப் பேருன்னு. திரும்பிப் போய்ப் பதிவப் பாத்தேன். சுத்தமா இருந்துச்சு. அத மறுபடி அழுக்காக்க எனக்குக் கை வரல. தாள அழிக்கிற நாள் வந்தப்ப, நானே போய் நின்னு அழிச்சேன்."

"அப்படியென்றால் இவ்வளவு வருடம்?" என்றார் நீதிபதி.

"இல்லன்னு சொன்னேம்மா. தெனமும். அந்தா உக்காந்திருக்காரே, அவர் முகத்தப் பாத்து." அவர் என்னைக் காட்டினார். "அவர் ஒரு மணி நேரம்னு சொன்னா நல்லா இருக்கும். அது பொய்தானே. தைரியமா மறுக்கலாம். அவர் மட்டும் ஒரு நாள் சரியான நேரத்தச் சொல்லியிருந்தா, என்னால வாயத் தெறந்திருக்க முடியாது."

இளம்பரிதி எழுந்து நின்றார். "உங்களிடம் அந்தத் தாள் இல்லை. ஆதாரம் எதுவும் இல்லை. இருபத்திரண்டு வருடத்துக்கு முந்தின ஒரு எண்ணை நினைவிலிருந்து சொல்கிறேன் என்கிறீர்களா?"

"நான் அடிச்ச கோட்ட எண்ணினவன் சார். பதினொண்ணு. எட்டு மணியிலேர்ந்து எட்டுப் பத்து வரைக்கும், நிமிசத்துக்கு ஒண்ணா."

பதினொன்று. அந்த எண் என் தலைக்குள் வந்து உட்கார்ந்த விதத்தில், அது எங்கேயும் போயிருக்கவில்லை என்று தெரிந்தது. ஏழே முக்காலுக்குக் குமிழைத் திருகினேன். பேச்சு முடிந்து கைதட்டல் கேட்டபோது சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். ஏழு ஐம்பத்தாறு. என்னுடைய ஒரு மணி நேரம், திமிங்கிலம், சுண்டல் எல்லாம் அந்தப் பதினொன்றுக்குள் அடங்கிப்போயின. இனிமேல் அது நடக்கவே இல்லை என்று என்னிடம் சொல்ல யாரும் இல்லை.

எபநேசர் மேசையை விட்டு விலகி முன்வரிசைக்கு நடந்தார். கன்னியப்பன் எழுந்திருக்கப் பார்த்தார், எபநேசர் அவர் தோளில் கைவைத்து உட்காரவைத்தார். பிறகு, குப்பத்துக்காரர்கள் நாற்பது பேருக்கும் கேட்கிற மாதிரி, ஆனால் குரலை உயர்த்தாமல் சொன்னார்.

"நீங்க பதினாறு எண்ணினது சரிதான்யா. துண்ட வீசினதும் சரி. அதுக்கப்புறம் வந்த அலை நெசம், நான்தான் அத அடிச்சேன். சாரங்கபாணி சொல்லுதது பொய்யில்ல. அது நடந்துச்சு."